வால் நட்சத்திரத்தின் வால் எந்தப் பக்கம்?

நெடுங்காடு
24-7-1957

அன்புள்ள மெஹர் பானு,

‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதிவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். புருஷனைப் பறிகொடுத்து இருபத்திரண்டு நாள் ஆனவளிடம் நலமா என்று எந்த முகத்தோடு கேட்பது? இது நான்காவது தாள். இதையும் கிழித்தால் வீட்டில் திட்டுவார்கள். வந்தது வரட்டும் என்று எழுதுகிறேன்.

ஐந்தாம் நாளே நான் வந்தேனடி. யாராவது சொன்னார்களா? பஸ்ஸை விட்டு இறங்கி உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். ஓர் அம்மாள் என் வயிற்றைப் பார்த்ததும் குறுக்கே கையை நீட்டினார். “கோவிச்சுக்காதீங்கம்மா. உள்ள இத்தா இருக்குறா. நாலு மாசம் பத்து நாளைக்கு அன்னிய ஆம்பள யாரும் அவ கண்ணுல படக்கூடாது. உங்க வயித்துல இருக்கறது ஆம்பளப் புள்ளையா இருந்துட்டா என்ன பண்றது?” என்றார். ஐந்தாம் மாதம், மெஹர். ஒரு கத்தரிக்காய் அளவு இருக்குமா? அதைப் போய் அன்னிய ஆண் என்று நிறுத்திவிட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. பக்கத்தில் இருந்த பெண் பயந்து நகர்ந்து உட்கார்ந்தாள்.

இனி எழுதப்போவதற்கு நீ என்னை நாலு சாத்துச் சாத்தலாம். சென்னைப் பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நம்முடைய ‘மேலே என்ன?’ புத்தகத்துக்குப் பன்னிரண்டு படங்களும் டிசம்பர் பதினைந்துக்குள் வேண்டுமாம். பொங்கலுக்குக் கடைக்கு வர வேண்டுமாம். இல்லையென்றால் அங்கேயே ஓர் ஓவியரைப் பிடித்துக்கொள்வார்களாம். என் எழுத்து எல்லாப் பக்கத்துக்கும் தயார். நீ ஏழு படம் முடித்துவிட்டதாக ஜூனில் சொன்னாய். ‘படங்கள்: மெஹர் பானு’ என்று அட்டையில் கட்டாயம் போட வேண்டும் என்று பதிப்பகத்துக்குத் தன் கைப்பட எழுதியதே உன் வீட்டுக்காரர் அப்துல் லத்தீப்தான். அதனால்தான் கேட்கத் துணிந்தேன். மீதி ஐந்தும் உன்னால் முடியுமா?

உன்
சௌந்தரவல்லி



786

காரைக்கால்
30-7-1957

வல்லி,

இன்று இருபத்தெட்டாம் நாள். நீ படம் எங்கே என்று கேட்கிறாய். உனக்குப் பதிலே போடக் கூடாது என்று மூன்று நாள் இருந்தேன். அப்புறம் யோசித்தேன். வருகிறவர்கள் எல்லாரும் “பொறுமையா இரு புள்ள” என்று சொல்லிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். வேலை கிடக்கிறது, எழுந்திரு என்று சொன்னவள் நீ ஒருத்திதான். கோபம் போகவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நகை கூடாது, பூ கூடாது, கண்ணுக்குச் சுர்மா கூடாது, வெள்ளைச் சேலைதான். தூரிகை கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. ஆனால் ஒன்று இருக்கிறது. இந்த வீட்டு வழக்கப்படி இத்தா முடியும் வரை நான் வானத்தைப் பார்க்கக் கூடாது. ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருக்கிறது. குளிக்கப் போகும்போது முற்றத்தைத் தாண்ட வேண்டும். என் மாமியார் பத்ருன்னிசா தலைக்குமேல் ஒரு சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டே கூட வருவார். “வானம் என்ன மாமி, அன்னிய ஆம்பளையா?” என்று கேட்டுவிட்டேன். “எங்க மாமியா சொன்னாங்க, நான் கேட்டுக்கிட்டேன். நீயும் கேட்டுக்க” என்றார். மகனைப் பறிகொடுத்தவரிடம் மேலே என்ன பேசுவது?

வேடிக்கை என்ன தெரியுமா? என் நாட்களை எண்ணுவதே பிறையை வைத்துத்தான். நாலு பிறை, பத்து நாள். நேற்று முஹர்ரம் பிறை. வீடே மாடிக்கு ஓடியது. “அதோ, அதோ” என்று கத்தினார்கள். கீழே நான் உட்கார்ந்து பிறைப் படத்தை வரைந்துகொண்டிருந்தேன். பென்சில் நின்றுவிட்டது. பிறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்? இருபத்தெட்டு வருஷமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியவில்லை வல்லி! கன்னியாஸ்திரீகள் பள்ளியில் நாம் பார்த்த பிரெஞ்சுப் படப்புத்தகத்தை நினைத்து நட்டுக்குத்தலாக நிற்கவைத்தேன். பள்ளிவாசல் கொடியை நினைத்து அதன் வயிற்றுக்குள் ஒரு நட்சத்திரம் வைத்தேன். அந்தப் படத்தை இதோடு அனுப்புகிறேன்.

மீதி ஐந்தையும் வரைகிறேன். ஆனால் நீ எனக்குக் கண்ணாக இருக்க வேண்டும். வெளியே போய்ப் பார்த்து, பார்த்ததை மட்டும் எழுது. அழகாக எழுதாதே. சரியாக எழுது.

மெஹர்



நெடுங்காடு
3-8-1957

என் மெஹர்,

மூன்று நாளாக என் பிழைப்பு கெட்டது. சாயங்காலம் ஆனால் களத்தில் போய் மேற்கே பார்த்து நிற்கிறேன். “டீச்சரம்மா யாருக்குக் காத்திருக்கீங்க?” என்று நடவு முடிந்து போகிற பெண்கள் கேலி செய்கிறார்கள். நிலாவுக்கு என்றால் நம்புவார்களா?

உன் பிறை தப்பு. சுத்தத் தப்பு. நம் ஊரில் பிறை நிற்பதே இல்லையடி, படுத்திருக்கிறது! ஒரு பக்கம் பாரம் ஏற்றிய ஓடம் மாதிரி கொஞ்சம் சாய்ந்து படுத்திருக்கிறது. வடக்குப் பக்கக் கொம்பு மேலே, தெற்குக் கொம்பு கீழே. அந்தப் பிரெஞ்சுப் புத்தகத்து நிலா அவர்கள் ஊரில் அப்படி நிற்குமோ என்னவோ. நாம் நம் நிலாவைப் பார்க்காமலே அவர்கள் நிலாவை வரைந்து வளர்ந்திருக்கிறோம்.

நட்சத்திர விஷயம் இன்னும் மோசம். உன் படத்தை வகுப்பில் காட்டினேன். இரண்டாம் வகுப்பு வடிவாம்பாள், ஏழு வயசு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்தாள். “டீச்சர், அந்த நட்சத்திரம் நெலாவுக்கு முன்னாடி வந்து ஒக்காந்திருக்கா?” என்றாள். அன்று சாயங்காலம் உற்றுப் பார்த்தேன். பிறையின் உள்பக்கம் வெறும் இடம் இல்லை. மீதி நிலாவும் அங்கேயே இருக்கிறது, மங்கலாக, சாம்பல் நிறத்தில், முழு வட்டமாக! அதற்குள் எப்படி நட்சத்திரம் தெரியும்? இத்தனை வருஷமாக அந்த வட்டம் அங்கே இருந்திருக்கிறது, நான் பார்க்கவே இல்லை. படித்தவள் என்று பெயர் வேறு.

நீ இன்னும் கேள். கேட்கக் கேட்கத்தான் எனக்குப் பார்க்கத் தோன்றுகிறது.

வல்லி



786

காரைக்கால்
9-8-1957

வல்லி,

உன் கடிதத்தைப் படித்து நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து அறையில் பேச்சு நின்றது. உடனே வாயைப் பொத்திக்கொண்டேன். நான் சிரிக்கலாமா என்று எனக்கே தெரியவில்லை.

படுத்த பிறையைப் போட்டாயிற்று. உள்ளே சாம்பல் வட்டம், மிக மெல்லிசாக. அதுதான் எட்டாவது படம். வெள்ளைச் சேலையில் நீலச் சாயம் கொட்டி, மாமி கண்டுபிடித்துவிட்டார். திட்டுவார் என்று பார்த்தேன். “எலுமிச்சம்பழம் தேச்சா போயிரும்” என்று மட்டும் சொன்னார். உயிருள்ள முகம் எதையும் நான் வரையவில்லை என்று அவருக்குத் தெரியும். புத்தகத்தில் வரும் சின்னப் பிள்ளைக்கு முதுகும் பின்னலும்தான். மேலே பார்க்கிற பிள்ளைக்கு முகம் எதற்கு?

இப்போது முக்கியமான விஷயம். வருகிறவர்கள் எல்லாரும் வால் நட்சத்திரம் என்கிறார்கள். அந்தி மஃரிப் தொழுகை முடிந்த கையோடு தெருவே நின்று பார்க்கிறதாம். என்னிடம் மட்டும் யாரும் சரியாகச் சொல்வதில்லை, மனசு கஷ்டப்படுவேனாம். மச்சான் இருந்திருந்தால் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காட்டியிருப்பார்.

ஒன்பதாம் பக்கத்துக்கு அது வேண்டும் வல்லி. எவ்வளவு நீளம்? என்ன நிறம்? வால் எந்தப் பக்கம்?

மெஹர்



நெடுங்காடு
13-8-1957

அன்புள்ள மெஹர்,

வால் நட்சத்திரம் அற்புதமாக இருக்கிறது. வெள்ளி உருக்கி வார்த்தது போன்ற தலை. அதிலிருந்து நீளமான வெண்ணிற வால் கீழ்நோக்கித் தொங்குகிறது. வானத்து மாடு ஒன்று வாலை மட்டும் நமக்குக் காட்டிவிட்டு உடம்பை ஒளித்துக்கொண்டது போல் இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலத் தோன்றும் பேரழகு. ஒன்பதாம் பக்கத்துக்கு வரியும் எழுதிவிட்டேன்: ‘மாடு இல்லாமல் வால் மட்டும் வந்திருக்கிறதே! மாடு எங்கே மேய்கிறது?’

பள்ளியில் வேலை அதிகம். சுருக்கமாக முடிக்கிறேன்.

சௌந்தரவல்லி



786

காரைக்கால்
24-8-1957

சௌந்தரவல்லிக்கு,

படம் ஒன்பதை நேற்றுச் சுவரில் சாய்த்துக் காய வைத்திருந்தேன். மாமி கஞ்சி கொண்டுவந்தார். படத்தைப் பார்த்தார். மகன் மௌத்தான பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

“இது யாரு சொன்னா? வால் கீழயா தொங்குது? மேலல்ல நின்னுச்சு! பொழுது எறங்குன பக்கம் தலை. வாலு உச்சியப் பாத்து நின்னுச்சு.”

“நீங்க எப்ப மாமி பாத்தீங்க?”

“பத்து நாளாப் பாத்தேன். ஒனக்குச் சொல்லல.”

நீ பார்க்கவே இல்லை. உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். பிறையைப் பற்றி எழுதியபோது உன்னைக் களத்தில் நிற்கிறவளாகப் பார்த்தேன். இதில் வெள்ளி இருக்கிறது, பேரழகு இருக்கிறது, நீ இல்லை. எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

ஜன்னலை மூடி உட்கார்ந்திருப்பவளிடம் பொய் சொல்வது எவ்வளவு சுலபம்! அந்தப் பிறையாவது உண்மையா? சாம்பல் வட்டம் உண்மையா? இனி நான் எதை நம்பி வரைவது? பிள்ளைகள் கையில் போகிற புத்தகம் இது. மச்சான் என் பெயரைப் போடச் சொன்ன புத்தகம்.

உன் எழுத்தைத் திருப்பி அனுப்புகிறேன். சென்னைக்காரர்கள் வேறு யாரையாவது பிடித்துக்கொள்ளட்டும்.

மெஹர் பானு



நெடுங்காடு
3-9-1957

மெஹர்,

ஆமாம். பார்க்கவில்லை.

நீ போன வருஷம் என்னைப் பார்க்க வந்தபோது நான் படுக்கையில் கிடந்தேனே, நாலாம் மாதம் கலைந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு. அது ஞாபகம் இருந்தால் மேலே படி. இல்லையென்றால் கிழித்துப் போடு.

வால் நட்சத்திரம் என்று ஊரில் பேச்சு வந்த அன்று காலையில் வகுப்பில் பெரிதாகப் பேசினேன். அது வெறும் தூசும் பனியும், பயப்பட ஒன்றும் இல்லை, போய்ப் பாருங்கள் என்றேன். சாயங்காலம் என் மாமியார் சொர்ணாம்பாள் கதவைச் சாத்தினார். “புள்ளத்தாச்சி கண்ணுல அது படக்கூடாதும்மா. ஒரு தடவ நாம பட்டது போதும்” என்றார். ஓர் எதிர்ப்பேச்சும் பேசவில்லை மெஹர். நானே போய்த் தாழ்ப்பாளையும் போட்டேன். பயம் வந்தால் படித்ததெல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை.

வாய்க்காலில் முறைத் தண்ணீர் பார்த்துவிட்டு வந்த எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டேன். “தலையும் வாலுமா தெரிஞ்சுது” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். மீதியை நான் கட்டினேன். எங்கள் வீட்டு மாட்டின் வால் கீழேதான் தொங்கும், அதனால் அதையும் தொங்கவிட்டேன். பயந்தேன் என்று உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. நீ என்னைத் தைரியசாலி என்று நினைக்கிறாயே, அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

பிறை உண்மை. சாம்பல் வட்டம் உண்மை. நம்பாவிட்டால் வடிவாம்பாளைக் கூப்பிட்டுக் கேள், அவள் யாருக்கும் பயப்பட மாட்டாள்.

என்னை மன்னிக்க வேண்டாம். படத்தை மட்டும் நிறுத்திவிடாதே.

வல்லி



நெடுங்காடு
14-10-1957

மெஹர்,

நாற்பது நாளாகத் தபால்காரரின் கையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. சரி, நீ எழுத மாட்டாய். நான் எழுதுகிறேன்.

படம் ஒன்றும் வரவில்லையே என்று பதிப்பகத்தார் சென்னை ஓவியரின் மாதிரிப் படம் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். நிலாவுக்கு மூக்கு இருக்கிறது! தலையில் குல்லாய் வேறு. நட்டுக்குத்தலாக நிற்கிறது. கூடவே, இந்த மாதம் ரஷ்யாக்காரர்கள் வானத்தில் சுற்றவிட்ட செயற்கைச் சந்திரனையும் ஒரு பக்கத்தில் சேர்க்கச் சொல்கிறார்கள். அதையும் இங்கே யாரும் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொல்கிறவர்கள் மட்டும் நிறைய.

பதில் போட்டுவிட்டேன். மெஹர் பானு என்ற பெயர் அட்டையில் இல்லாவிட்டால் சௌந்தரவல்லி என்ற பெயரும் இல்லை, என் எழுத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று எழுதினேன். எங்கள் வீட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, “சண்டைக்காரி” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

புத்தகம் வராமலே போகட்டும். மூக்கு வைத்த நிலாவோடு வர வேண்டாம்.

வல்லி



786

காரைக்கால்
18-10-1957

வல்லி,

நிலாவுக்குக் குல்லாயா? மாமியிடம் சொன்னேன். “சளி புடிச்சிருக்கோ என்னமோ” என்றார்.

உன் செப்டம்பர் கடிதம் வந்த அன்றே பாதி மன்னித்துவிட்டேன். மீதிப் பாதிக்கு வீம்பு. சுவரைப் பார்த்துக் கிடந்த உன்னை நான் மறப்பேனா? பயந்தேன் என்று எழுதியிருந்தால் அதையே ஒன்பதாம் பக்கமாக வரைந்திருப்பேன், சாத்திய கதவும் இடுக்கில் கொஞ்சம் வெளிச்சமுமாக. எனக்குப் பொய்தான் பொறுக்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. இந்த நாற்பது நாளும் மாமிதான் என் கண். ஒருநாள் தானாகவே வந்து, “இன்னக்கி வடக்க ஒண்ணு விழுந்துச்சு, பச்சையா” என்றார். எரிநட்சத்திரம்! அதிலிருந்து தினமும் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்து சொல்கிறார். முட்டி வலியோடு படி ஏறுகிறார். வால் நிமிர்ந்த ஒன்பதாவது, எரிநட்சத்திரம் பத்தாவது, பால்வீதி பதினொன்றாவது. முடித்துவிட்டேன்.

இன்னொன்று. என் தம்பி நூகு போன வாரம் வந்தான். யாரும் கேட்காமலே பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் போய் என் விஷயத்தைக் கேட்டுவிட்டு வந்து, மாமி முன்னாலேயே சொன்னான்: “வானத்தப் பாக்கக் கூடாதுன்னு எந்தக் கிதாபுலயும் இல்லையாம். நம்ம ஜனங்களாக் கட்டுனதாம்.”

மாமி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். போர்வையை அவிழ்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அதைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். “நான் இத்தா இருந்தப்போ இருவத்தாறு வயசு. எனக்கு யாரும் போய்க் கேட்டுச் சொல்லலியே” என்றார். அழவில்லை.

என்னால் அந்தப் போர்வையை அவிழ்க்கச் சொல்ல முடியவில்லை வல்லி. அவிழ்த்தால், அவர் இருட்டில் உட்கார்ந்திருந்த நூற்று முப்பது நாளும் வீண் என்று நானே அவர் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும். இன்னும் இருபது நாள்தான். இனி இது யாரும் போட்ட கட்டளை இல்லை, நானாக இருப்பது.

பன்னிரண்டாவது படம் மட்டும் பாக்கி. அதை யார் கண்ணாலும் வரைய மாட்டேன். வெளியே வந்து, நானே பார்த்து வரைவேன். சென்னைக்காரர்களிடம் சொல், டிசம்பர் பதினைந்து இன்னும் வரவில்லை.

மெஹர்



நெடுங்காடு
4-11-1957

மெஹர்,

பஞ்சாங்கம் பார்த்தாயா? நீ வெளியே வருகிற ஏழாம் தேதி சாயங்காலம் சந்திர கிரகணம். முழுக் கிரகணம்!

எனக்கு ஒன்பதாம் மாதம். சொர்ணாம்பாள் அத்தை இப்போதே உள்ளறை ஜன்னலுக்குச் சாக்குத் தைத்துக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். நான் உள்ளேதான் இருப்பேன். இந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும். பயம் வீண் என்று தெரியும், தெரிந்தும் பயமாக இருக்கிறது.

இங்கே ஐப்பசி மழை விடாமல் கொட்டுகிறது. வானம் உனக்காகவாவது கொஞ்சம் வெளுக்கட்டும். நீ பார். பார்த்து எனக்கு எழுது.

வல்லி



786

காரைக்கால்
8-11-1957

என் வல்லி,

நேற்றுக் காலையிலிருந்து மழை. மத்தியானம் மூன்று மணிக்கு விட்டது. மேகம் கிழிந்து கிழிந்து போய்க்கொண்டிருந்தது. மஃரிப் பாங்கு சொன்னதும் மாமி என்னைக் குளிக்க வைத்து, புதுச் சேலை கொடுத்தார். முற்றத்துக்கு வந்தேன். தலைக்குமேல் சேலை இல்லை. எனக்குக் குனிந்துதான் நடக்க வந்தது, பழகிவிட்டது. “நிமிருடி” என்றார் மாமி. கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப் போனார்.

நான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன். நிலா கிழக்கே தென்னைகளுக்கு மேலே முழுசாக இருந்தது. அதன் வெளிச்சத்தில் நட்சத்திரங்கள் எண்ணினேன். ஒன்பதுதான் தெரிந்தன! என் ஏழாவது படத்தில் முழு நிலாவைச் சுற்றி நூறு நட்சத்திரம் கொட்டி வைத்திருக்கிறேன். அதுவும் தப்பு, மாற்ற வேண்டும். ஆறேகாலுக்கு நிலாவின் கீழ்ப்பக்கம் அழுக்குப் பட்ட மாதிரி ஆனது. அது மெதுவாக ஏறியது. ஓரம் நேராக இல்லை, வளைவாக இருந்தது. அது நாம் நிற்கிற இந்தப் பூமியின் நிழல் என்று நீதான் ஒருதரம் சொன்னாய். அப்படியானால் அந்த வளைவில் காரைக்காலும் இருக்கும், நெடுங்காடும் இருக்கும், சாக்குத் தைத்த உன் ஜன்னலும் இருக்கும்.

ஏழே முக்காலுக்கு நிலா முழுசாகச் சிவந்தது. இரத்தச் சிவப்பு இல்லை. சூளையில் வெந்த செங்கல் நிறம். அப்போதுதான் வல்லி, நட்சத்திரங்கள் வந்தன. நிலா மங்க மங்க ஒவ்வொன்றாக, பிறகு மொத்தமாக. நிலாவுக்குக் கீழே கார்த்திகைக் கூட்டம் தெரிந்தது. எண்ணுவதை விட்டுவிட்டேன். அவை அத்தனையும் முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கின்றன.

அப்போது அழுதேன். நாலு மாதமாக நான் சரியாக அழவில்லை. ஏன் என்று நேற்றுத்தான் புரிந்தது. நான் உள்ளே இருந்தேன், அதனால் மச்சான் வெளியே எங்கேயோ இருக்கிறார் என்றே என் மனசு நினைத்துக்கொண்டிருந்தது. வியாபாரத்துக்குச் சைகோனுக்குப் போனால் திரும்பி வருகிற மாதிரி. வெளியே வந்து பார்த்தேன். வெளியேயும் அவர் இல்லை. அவ்வளவு பெரிய வானம், அதில் எங்கேயும் இல்லை. சத்தம் போட்டு அழுதேன். மாமி என்னைத் தடுக்கவில்லை. அவரும் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார், யாருக்காக என்று நான் கேட்கவில்லை. பிறகு இருவரும் கிரகணத் தொழுகை தொழுதோம்.

பன்னிரண்டாவது படத்தை விடிகிற வரை வரைந்தேன். உனக்கே முதலில் அனுப்புகிறேன். உன் பழைய வரி இதற்கு ஒட்டாது. புதிதாக எழுதி, பின்னாலேயே வரும் மற்றப் படங்களோடு சேர்த்துச் சென்னைக்கு அனுப்பு.

மெஹர்



நெடுங்காடு
2-12-1957

என் மெஹர்,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள். நவம்பர் இருபத்தேழு விடியற்காலை பிறந்தது. பெண்! நல்ல சத்தம், நல்ல கோபம். அன்றைக்கு உன் வாசலில் என்னைத் தடுத்த அம்மாளைப் பார்த்தால் சொல், அன்னிய ஆண் யாரும் வரவில்லையாம் என்று. எங்கள் வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்க இன்னும் பயப்படுகிறார். அத்தைதான் இறக்கிவைக்க மாட்டேன் என்கிறார்.

கிரகணத்தன்று மூன்றரை மணி நேரம் அந்த அறையில் இருந்தேன். சாக்கில் ஒரு பொத்தல் இருந்தது. எழுந்து போய்க் கண்ணை வைத்திருக்கலாம். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பொத்தலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கவில்லை. அதில் எனக்கு இப்போது வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை.

உன் படம் என் தலைமாட்டில் இருக்கிறது. மூன்று வாரமாக அதற்கு வரி எழுதிப் பார்க்கிறேன். வலி எடுத்த அன்றுகூட ஒன்று எழுதினேன். ‘செங்கல் நிலா’ என்று ஒன்று, ‘ஒளிந்திருந்த நட்சத்திரங்களே’ என்று ஒன்று. எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

பன்னிரண்டாம் பக்கத்துக்கு நான் எழுதப் போவதில்லை மெஹர். படம் மட்டும் போகட்டும். பிள்ளைகள் அந்தப் பக்கத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் பார்க்கட்டும். சென்னைக்காரர்கள் நம் இருவர் பெயருக்கும் சம்மதித்துவிட்டார்கள். நாளைக்குப் பன்னிரண்டு படத்தையும் எங்கள் வீட்டுக்காரர் ரிஜிஸ்தர் தபாலில் சேர்க்கிறார். கூட ஒரு சீட்டும் வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் எழுத்தைக் காணோமே என்று பதிப்பகத்தார் கேட்பார்கள் இல்லையா, அதற்காக. ‘டீச்சரம்மா அதைப் பார்க்கவில்லை, அதனால் எழுதவில்லை’ என்று போட்டிருக்கிறேன்.

வல்லி